மஞ்சக் கடுதாசியும் பெரியப்பாவின் வீடும்

நியூ ஜெர்சியில் என்னோடு வேலை பார்த்த நண்பர் 2009-ல் வீட்டுக்கடன் கட்ட முடியாமல் திவால் மனு போட்டார். மனு பதிவான உடனேயே, நடக்கவிருந்த வீட்டு ஏலம் நின்றுபோனது. நண்பர் நிம்மதியாகக் காபி குடித்தார். எனக்கோ அம்பூரிப் பெரியப்பா ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது.

பெரியப்பாவுக்கு நெய்யாறு அணைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் ரப்பர் விளை. 1990-களின் கடைசியில் ஷீட் விலை விழுந்தது. விளை ஒரு வங்கியில் ஈடு. அதுபோக நாலைந்து பேரிடம் கைமாற்று. "ஐ.பி. போட்டிரும் வேய்" என்று ஒருத்தர் சொன்னார். "மஞ்சக் கடுதாசி குடுத்த வீட்டுல எவன் பொண்ணு எடுப்பான்?" என்று பெரியம்மா அழுதார். பெரியப்பா மனு போடவில்லை. விளை ஏலத்தில் போனது. ஈடு வைக்காத ஓட்டு வீட்டையும் அவரே விற்றுக் கைமாற்றை அடைத்தார்.

அவர் செய்தது சரியா? ரொம்ப நாள் கழித்துத்தான் சட்டத்தைப் படித்துப் பார்த்தேன்.

பிரிட்டிஷ் இந்தியாவில் சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்கு 1909-லும், மற்ற ஊர்களுக்கு 1920-லும் திவால் சட்டங்கள் வந்தன. திருவிதாங்கூர்-கொச்சிக்கு 1955-ல் ஏறக்குறைய அதே அச்சில் ஒன்று. திவாலானவர் என்று கோர்ட் அறிவித்தால் சொத்து ரிசீவர் கைக்குப் போகும். கடன்காரர்கள் தனித்தனியாக விரட்ட முடியாது. கடைசியில் கோர்ட் விடுதலை கொடுத்தால் மிச்சக் கடன் தீரும். ஆனால் அரசு பாக்கி, மோசடிக் கடன், ஜீவனாம்சம் தீராது. முக்கியமாக, ஈடு வாங்கியவரின் உரிமையை இது தொடாது. ஆக, விளை எப்படியும் போயிருக்கும்.

வீடு கதை வேறு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு சமையல் பாத்திரம், தாலி மாதிரி கழற்றக்கூடாத நகை, விவசாயியோ கூலியாளோ குடியிருக்கும் சொந்த வீடு, இவற்றை ஜப்தி செய்ய விடாது. திவாலிலும் அது ரிசீவருக்குப் போகாது. வீட்டைக் கொண்டுபோனது சட்டமல்ல, வெட்கம்.

ஜெயில் பயமும் அவருக்கு இருந்தது. அதற்கும் 1980-லேயே பதில் வந்தாயிற்று. பேங்க் ஆப் கொச்சின் தொடுத்த கேரள வழக்கில், ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் பக்கம் நின்று நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார்: கையில் இல்லாத ஏழையை, இல்லாமைக்காக மட்டும் சிறையில் அடைக்கக்கூடாது.

அமெரிக்காவிலும் மந்திரம் ஒன்றும் இல்லை. 'சாப்டர் 7' கார்டு கடனை அழிக்கும், ஆனால் வீட்டின் மேலுள்ள ஈடு நிற்கும், ஏலம் தள்ளித்தான் போகும். 'சாப்டர் 13'-ல் பழைய பாக்கியை 3 முதல் 5 வருஷத்தில் அடைக்கலாம், மாதத் தவணையையும் விடாமல் கட்டணும். நண்பர் அப்படித்தான் வீட்டைக் காப்பாற்றினார்.

இந்தியாவில் 2002-ல் வந்த சர்பாசி சட்டப்படி, 60 நாள் நோட்டீசுக்குப் பிறகு வங்கி கோர்ட்டுக்குப் போகாமலே ஈட்டுச் சொத்தை எடுக்கலாம். விவசாய நிலத்துக்கு விலக்கு. 2016 திவால் சட்டத்தின் தனிநபர் பகுதியோ, 2019 டிசம்பரில் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் அமலானது. சாதாரண ஆளுக்குப் பழைய சட்டம்தான்.

ஊரில் யாராவது கடனில் தத்தளித்தால் பணம் அனுப்புங்கள். கூடவே, வீட்டு ஆதாரத்தில் கைவைக்கும் முன் ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரியப்பாவிடம் அதைச் சொல்ல அன்றைக்கு எங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.