வலியார் மெலியாரைத் தாங்குதல்: கொட்டாஞ்சேனை கூறும் வரலாறு



கொழும்பு மாநகரின் வடபாலுள்ள கொட்டாஞ்சேனைப் பகுதியிலே, ஒருவர் நடந்தே கண்டு வரத்தக்க தொலைவுக்குள் மூன்று பெருங் கிறிஸ்தவ ஆலயங்கள் நிற்கின்றன. மேட்டு நிலத்தில் நிற்பது வுல்பெண்டால் ஆலயம். ஒல்லாந்தர் 1749ஆம் ஆண்டில் அதற்கு அடிக்கல் நாட்டி, 1757ஆம் ஆண்டில் வழிபாட்டுக்குத் திறந்து வைத்தனர். அதற்குச் சற்று அப்பால், கத்தோலிக்க மக்களின் தலைமைக் கோயிலாகிய புனித லூசியாள் பேராலயம் உயர்ந்து நிற்கின்றது. துறைமுகத்தை அண்டி, எல்லாச் சமயத்தவரும் நாடி வரும் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் கோயில் விளங்குகின்றது. இன்று இவை மூன்றும் அயலவராய் வாழ்கின்றன. ஆயின் ஒரு காலத்திலே, முதலாவது சபையைச் சார்ந்த ஆட்சியாளர் ஏனைய இரண்டின் வழிபாட்டையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தனர். அக்காலத்திலே இவ்விடத்து மக்கள் முன் ஒரு கேள்வி எழுந்தது. அச்சத்தால் தளர்ந்துபோன சகோதரனை, உறுதியோடு நின்ற சகோதரன் எவ்வாறு நடத்துவது? அக்கேள்வியின் வரலாற்றையே இன்று நாம் சிந்திக்கப் புகுகின்றோம்.

இக்கேள்வி கிறிஸ்தவ சமயத்தின் தொடக்கத்திலேயே தோன்றியது. சின்னப்பர் என்று கத்தோலிக்கரும், பவுல் என்று ஏனைய சபையாரும் வழங்கும் அப்போஸ்தலர், ஏறத்தாழ கி.பி. 55ஆம் ஆண்டளவில் கொரிந்து நகரத்தாருக்கு ஒரு நிருபம் எழுதினார். அந்நகரின் சந்தையில் விற்கப்பட்ட இறைச்சியில் ஒரு பகுதி கோயில்களில் படைக்கப்பட்டது. சிலர் அதனை மனச்சஞ்சலமின்றி உண்டனர். புதிதாகச் சமயம் புகுந்த வேறு சிலரோ, அதனைத் தொட்டாலே பழைய வழிபாட்டுக்குத் திரும்பியவராவோம் என்று நடுங்கினர். அப்போஸ்தலர் அறிவால் முதல்வகையினர் பக்கமே நின்றார். உணவு எவரையும் இறைவனிடமிருந்து பிரிப்பதில்லை என்பதே அவர் கொள்கை. ஆயினும் தம் உரிமையைப் பயன்படுத்துவதனால் மெலிந்த ஓர் உள்ளம் இடறி விழுமாயின், அவ்வுரிமையைத் தாம் விட்டுவிடுவதாக அவர் முடிவு செய்தார். பின்னர் உரோமாபுரியாருக்கு எழுதிய நிருபத்திலும் இதே கருத்தை விரித்துரைத்தார்.

இதனை விளங்கிக்கொள்ள வெள்ளவத்தையில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவருக்குப் பெரிய வியாக்கியானம் தேவையில்லை. சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகளில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் கலந்து வாழும் இடம் அது. தைப்பொங்கலன்று பொங்கலும், நவராத்திரி நாளில் அவலும் கடலையும் அயல் வீட்டிலிருந்து வரும். பரம்பரைக் கிறிஸ்தவர் ஒருவர் அதனை அயலவரின் அன்பென்று ஏற்று உண்பார். அண்மையிலே சமயம் மாறிய ஒருவருக்கு, அதே கிண்ணம் நெஞ்சை உறுத்தும் சோதனையாக இருக்கலாம். முன்னவர் பின்னவரை எள்ளி நகைப்பது எளிது. பின்னவர் முன்னவரைக் குற்றவாளியாக்குவதும் எளிது. அப்போஸ்தலர் இரண்டையும் தடுத்தார். ஆயினும் விட்டுக்கொடுக்கும் கடமையை வலியவர் தோளிலேயே வைத்தார்.

நேயர்களே, மெலிவு என்பது ஒருவகையன்று. கொரிந்தில் மெலிந்தவர் மிகையான மனக்கூச்சம் உடையவர். பிற்காலத்திலே மற்றொரு வகை மெலிவு தோன்றிற்று. அது அச்சத்தால் நேர்ந்த மெலிவு. கி.பி. 250ஆம் ஆண்டில் உரோமப் பேரரசன் தேசியுஸ், குடிமக்கள் யாவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்குச் சான்றுச்சீட்டும் பெற வேண்டுமென்று கட்டளையிட்டான். அத்தகைய சீட்டுகள் நாற்பதுக்கு மேற்பட்டவை எகிப்தின் மணலிலிருந்து எடுக்கப்பட்டுள்ளன. கிறிஸ்தவர் பலர் பலியிட்டனர். வேறு பலர் பலியிடாமலே பொருள் கொடுத்துச் சீட்டை மட்டும் பெற்றுக்கொண்டனர். புயல் ஓய்ந்த பின்னர் அவர்கள் கண்ணீரோடு திருச்சபையின் வாயிலுக்குத் திரும்பி வந்தனர்.

அவர்களை ஒருபோதும் சேர்க்கலாகாது என்று உரோமாபுரியிலே நொவாத்தியன் என்பவர் வாதித்துத் தனிச் சபை கண்டார். எவ்வித ஆராய்வுமின்றி உடனே சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று வேறொரு சாரார் வற்புறுத்தினர். கார்த்தேஜ் நகர ஆயராகிய சிப்பிரியான் இரண்டுக்கும் இடைப்பட்ட வழியைத் தேர்ந்தார். 251ஆம் ஆண்டில் கூடிய ஆயர் மன்றம், ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியே ஆராய்ந்து, தவத்தின் பின் அவர்களைச் சேர்த்துக்கொள்ள வழி செய்தது. மறுபடியும் கலாபனை வருமென்ற அச்சம் தோன்றியபோது, தவம் செய்துகொண்டிருந்த அனைவரையும் விரைந்து சேர்த்துக்கொள்ளுமாறு முடிவு செய்தனர். போர்க்களம் செல்லவேண்டியவனை ஆயுதமின்றி விடலாகாது என்பதே அவர்கள் கண்ட நியாயம். சிப்பிரியானும் கலாபனைக் காலத்தில் மறைந்து வாழ்ந்தவரே, அதற்காகப் பழிக்கப்பட்டவரே. எனினும் 258ஆம் ஆண்டில் அவர் தம் கழுத்தை வாளுக்குக் கொடுத்தார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1656ஆம் ஆண்டு மே மாதத்திலே ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றினர். 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணமும் அவர்கள் வசமாயிற்று. கத்தோலிக்க குருமார் நாடு கடத்தப்பட்டனர். குருவுக்குப் புகலிடம் கொடுப்போருக்கு மரணதண்டனை என்று 1658ஆம் ஆண்டிலேயே கட்டளை பிறந்தது. ஆயினும், அச்சுறுத்திய சட்டத்தைவிட ஆழமாக மக்கள் வாழ்வைத் தொட்டது தோம்பு என்னும் பதிவேடே. பிறப்பும் ஞானஸ்நானமும் விவாகமும் சீர்திருத்தச் சபையின் பாடசாலைத் தோம்பிலே பதியப்பட்டன. அப்பதிவு இல்லாத விவாகம் செல்லாது. அவ்விவாகத்திற் பிறந்த பிள்ளைக்கு முதுசத்தில் உரிமை கோருவதும் அரிது. முதலியார் முதலான உத்தியோகங்களும் அச்சபையைச் சார்ந்தோருக்கே உரியனவாயின.

இந்நிலையில் ஒரு தந்தை என் செய்வான்? தன் நெஞ்சிலே பழைய விசுவாசத்தைக் காத்துக்கொண்டு, பிள்ளையை ஒல்லாந்தரின் ஆலயத்துக்கு எடுத்துச் சென்றான். தோம்பிலே பெயர் பதிந்தான். வீடு திரும்பிக் கதவை அடைத்துச் செபமாலை சொன்னான். இவ்வாறு வாழ்ந்தவர் ஒருவர் இருவர் அல்லர். தேசியுஸ் காலத்துச் சான்றுச்சீட்டும் ஒல்லாந்தர் காலத்துத் தோம்பும் ஒரே வகைச் சோதனையே. முன்னதைப் பெற்றவர் உயிருக்கு அஞ்சினர். பின்னதிலே பெயர் பதிந்தவர் பிள்ளையின் முதுசத்துக்கு அஞ்சினர்.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் குருவின் முகங் காணாத இம்மக்களைத் தேடி, 1687ஆம் ஆண்டில் கோவையிலிருந்து, அதாவது மேற்குக் கரையிலுள்ள கோவா நாட்டிலிருந்து, யோசே வாஸ் அடிகளார் வந்தார். தூத்துக்குடி வழியாகக் கடல் கடந்து யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது அவர் கூலியாள் வேடத்திலே இருந்தார். கொடிய வயிற்றுளைவு நோயால் வருந்தினார். கத்தோலிக்கர் யார் யார் என்பதை அறிய அவர் எவரையும் விசாரித்துத் தொல்லைப்படுத்தவில்லை. தம் கழுத்திலே செபமாலையை அணிந்து வீடு வீடாய்ப் பிச்சை ஏற்றுச் சென்றார். அதைக் கண்டு முகம் மாறியவர் யாரென அவரே உணர்ந்துகொண்டார். அஞ்சியிருந்தோர் தாமாகவே நெருங்கி வர, அவர்களுக்குக் காலம் கொடுத்தார்.

சில்லாலையைத் தம் இருப்பிடமாக்கி அவர் இரவிலே பூசை வைத்தார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவிலே, வழிபாட்டுக்குக் கூடிய யாழ்ப்பாணத்து மக்களை ஒல்லாந்தர் சிறைப்பிடித்தனர். அடிகளார் பின்னர் புத்தளம் சென்று, 1692ஆம் ஆண்டில் கண்டியை அடைந்தார். அங்கே போர்த்துக்கேயரின் ஒற்றன் என்ற ஐயத்தால் முதலிற் சிறைவைக்கப்பட்டாராயினும், பௌத்த அரசனாகிய இரண்டாம் விமலதர்மசூரியன் நாளடைவில் அவருக்கு ஆதரவளித்தான். கிறிஸ்தவர் கையால் துன்புற்ற கிறிஸ்தவருக்குப் பௌத்த மன்னன் நிழல் கொடுத்த செய்தி, நாம் மறத்தற்கரியது. கண்டியிலிருந்து அடிகளார் கொழும்புக்கும் மறைவாக வந்து, இரவு வேளைகளில் வீடுகளிலே மக்களைச் சந்தித்தார். தோம்பிலே பெயர் பதிந்தவரை அவர் வாயிலில் நிறுத்தித் திருப்பி அனுப்பவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்டார், விவாகங்களைச் செம்மை செய்தார், கற்பித்தார். தவற்றைத் தவறன்று என்று அவர் கூறவில்லை. ஆயினும் தவறியவனைத் தன் குடும்பத்தவன் என்றே கொண்டார்.

தாம் இல்லாத காலத்தில் மெலிந்தோரைத் தாங்குவதற்கு அவர் ஓர் ஏற்பாடும் செய்தார். ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவிமாரையும் நியமித்தார். குரு வராத மாதங்களிலே அண்ணாவியார் மக்களைக் கூட்டிச் செபம் சொல்வார்; சிறுவருக்கு ஞானோபதேசம் கற்பிப்பார்; மரணத் தறுவாயிலுள்ளோருக்குத் துணை நிற்பார். 1705ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார், தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றி அவ்வண்ணாவிமார் கையில் வாசிக்கக் கொடுத்தார். தவக்காலத்திலே வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம் அவர் தந்ததேயாம். உறுதியுடைய ஒருவர் வாசிக்க, உறுதி குன்றிய பலர் சூழ இருந்து கேட்டனர். இவ்வாறு எழுத்தறியாதவரும் அஞ்சியவரும் ஒரே குரலின் நிழலிலே கூடினர்.

ஒல்லாந்தர் சபையைச் சார்ந்தோர் யாவரையும் ஒரே தட்டில் வைத்து எடை போடுதல் நீதியன்று. தம் சபைக்குள் வந்த பல்லாயிரவர் உள்ளத்தால் வரவில்லை என்பதை அச்சபைக் குருமாரும் உணர்ந்திருந்தனர். ஞானஸ்நானம் பெற்றோர் மிகப் பலராகவும், இராப்போசனத்துக்கு அனுமதிக்கப்பட்டோர் மிகச் சிலராகவும் இருந்தமை அவர்களையே வருத்திற்று. சட்டத்தால் சேர்த்தவரை அன்பினால் தாங்க முனைந்தோரும் அவருள் இருந்தனர். கொழும்பிலே 1723ஆம் ஆண்டில் பிறந்த தமிழ் அறிஞர் பிலிப்பு தெ மெல்லோ அச்சபையின் குருவாகி, மூலமொழியை ஆராய்ந்து புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். 1759ஆம் ஆண்டில் அது கொழும்பு அச்சுக்கூடத்தில் வெளிவந்தது. பதிவேட்டில் மட்டும் கிறிஸ்தவராய் இருந்தவர் கையிலே, அவர் தம் தாய்மொழியில் வேதத்தை வைத்தார். தண்டமும் கட்டளையும் செய்யமாட்டாத பணி இது.

1796ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கொழும்பைப் பெற்றனர். 1806ஆம் ஆண்டில் தேசாதிபதி தோமஸ் மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மேலிருந்த தடைகளை நீக்கினார். கட்டாயம் நீங்கியதும், கட்டாயத்தால் வளர்ந்த சபை வேகமாகச் சுருங்கிற்று. அடைத்த கதவுக்குள் தாங்கப்பட்ட சபையோ வெளிப்பட்டுத் தழைத்தது. அச்சத்தால் தளர்ந்தோரை அன்று வாயிலிலேயே விலக்கியிருந்தால், பின்னர் ஆலயம் கட்டுதற்கு ஆள் இருந்திருக்குமோ என்பது ஐயமே.

கொச்சிக்கடைக் கோயிலைப் பற்றி வழங்கும் கர்ணபரம்பரைக் கதையும் இங்கே நினைக்கத்தக்கது. ஒல்லாந்தருக்கு அஞ்சி ஒளிந்து வாழ்ந்த அந்தோனியோ என்னும் குரு, கடலரிப்பால் வருந்திய செம்படவரிடையே புகலடைந்து, மணலில் சிலுவை நட்டு மன்றாடினார் என்றும், கடல் பின்வாங்கியது என்றும், அவ்விடத்தெழுந்த சிறு மண்கோயிலே இன்றைய தலத்தின் தொடக்கம் என்றும் கூறுவர். ஒளிந்தோடிய ஒருவரின் பெயரோடு தொடங்கும் கோயில், அஞ்சுவோரின் கோயிலாக விளங்குதல் பொருத்தமே.

அக்கோயில் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, குண்டுத் தாக்குதலுக்கு இலக்காயிற்று. வழிபட வந்தோர் பலர் அங்கே மாண்டனர். அதற்கடுத்த ஞாயிறன்று கொழும்பிலே பொதுப் பூசைகள் நிறுத்தப்பட்டன. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தம் இல்லத்துச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த பூசை தொலைக்காட்சி வழியே மக்களைச் சென்றடைந்தது. உறுதியுள்ளோர் வரட்டும், அஞ்சுவோர் வீட்டில் இருக்கட்டும் என்று எவரும் மக்களை இரண்டாகப் பிரிக்கவில்லை. அன்று வலியாரும் மெலியாரும் ஒருங்கே வீட்டில் இருந்து வணங்கினர்.

மெலியார்க்கு இரங்குதல் என்பது, உண்மையும் பொய்யும் ஒன்றென்று கூறுதலன்று. சிப்பிரியான் தவத்தைக் கேட்டார். யோசே வாஸ் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டார். ஆயின் இருவரும் கேட்பதற்கு முன் கதவைத் திறந்தனர். 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியிலே மறைந்த யோசே வாஸ் அடிகளாரை, 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் கொழும்புக் காலிமுகத்திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அம்மேடையை நோக்கித் திரண்ட பெருங்கூட்டத்திலே, தோம்பில் பெயர் பதிந்து, இரவில் கதவடைத்துச் செபித்த மூதாதையரின் வழிவந்தோரும் நின்றனர். அந்த மூதாதையரின் பெயர்கள் புனிதர் வரிசையில் இல்லை. எனினும் அவர்களை ஒருவர் தாங்கினார். அவர்கள் தம் பிள்ளைகளைத் தாங்கினர். நம் பக்கத்து வாங்கிலே தயங்கி அமர்ந்திருப்பவரை நோக்கும்போது, இவ்வரலாற்றை நாமும் நினைவிற் கொள்வோமாக.