யாருடைய விருந்தாளி?

தமிழில் 'விருந்து' என்ற சொல்லின் பழம்பொருள் புதுமை. வீட்டுக்குப் புதிதாக வருபவரே விருந்து; அவருக்கு இடும் சோற்றுக்கு அந்தப் பெயர் பிறகுதான் வந்தது. திருக்குறள் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்குகிறது. தொல்காப்பியக் கற்பியல் விருந்து பேணுவதை மனைவியின் மாண்புகளில் ஒன்றாக வைக்கிறது. இவற்றை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். நடத்தும்போதெல்லாம் ஒரு கேள்வி உறுத்துகிறது. சமைத்தவள் அவள், பரிமாறியவள் அவள், எச்சில் இலை எடுத்தவளும் அவள். வந்தவர் யாருடைய விருந்தாளி?

சிலப்பதிகாரத்தில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. மதுரையில், கொலைக்களத்துக்குப் புறப்படும் முன் கோவலன் வருந்திப் பேச, அவன் பிரிந்திருந்த காலத்தில் தான் இழந்தவற்றைக் கண்ணகி கணக்குச் சொல்கிறாள். அறவோர்க்கு ஈய முடியவில்லை, துறவியரை எதிர்கொள்ள முடியவில்லை, விருந்தினரை வரவேற்க முடியவில்லை. கணவன் இல்லாத வீட்டில் விருந்து இல்லை என்பது அதன் பொருள். ஆனால் அதே காப்பியத்தில், அதே பிரிவுக் காலத்தில், புகார் வீட்டுக்குத் தேவந்தி வருகிறாள். அவளிடம்தான் கண்ணகி தன் கெட்ட கனவைச் சொல்லி மனம் திறக்கிறாள். கணவனைத் திரும்பப் பெறத் தோழி சொன்ன வழியை, அது பெருமையல்ல என்று மறுக்கிறாள். இரண்டு பெண்கள் உட்கார்ந்து பேசி, கருத்து வேறுபட்ட அந்தச் சந்திப்பு விருந்துக் கணக்கில் வரவில்லை. தோழி வந்தாள், விருந்தாளி வரவில்லை.

இந்தக் கணக்கு நம் பாட்டிமார் காலம் வரை பெரிதாக மாறவில்லை. வீட்டின் முகப்பில் திண்ணை இருந்தது. அது ஆண்களின் நண்பர்களுக்கு. பெண்களுக்கு நட்பு இல்லாமல் இல்லை. கிணற்றடி, ஆற்றங்கரை, களத்துமேடு, கொல்லைப்புறம் என்று அது வேலை நடக்கும் இடங்களில் நின்றபடி நடந்தது. பெண்களைப் பெண்கள் வீட்டுக்குள் அழைத்த சந்தர்ப்பங்களும் உண்டு: கொலு, வளைகாப்பு, நலங்கு, வரலட்சுமி நோன்பு. அங்கே வந்தவளுக்கு வெற்றிலை பாக்கும் மஞ்சள் குங்குமமும் கிடைத்தன. ஆனால் அவள் சுமங்கலியாக அழைக்கப்பட்டாள், சிநேகிதியாக அல்ல. கணவனை இழந்த மறுநாளே அந்த அழைப்பு நின்றுபோனதைப் பார்த்தால் இது விளங்கும்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் தேநீர் நுழைந்தது, அதுவும் மிகத் தாமதமாக. அஸ்ஸாம் தேயிலை 1839-லேயே லண்டனில் ஏலம் போனது. இந்தியத் தேயிலை முதலில் இந்தியர்கள் குடிப்பதற்காக விளைந்தது அல்ல. 1903-இல் தேயிலை ஏற்றுமதிக்குத் தீர்வை விதித்து, அந்தப் பணத்தில் விளம்பரம் தொடங்கினார்கள். 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் விலை சரிந்து சரக்கு தேங்கியபோதுதான் உள்நாட்டு வீடுகள் வியாபாரிகளின் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தன. சந்தையிலும் ரயில் நிலையத்திலும் வீட்டு வாசலிலும் தேநீர் போட்டுக் காட்டினார்கள். தண்ணீரைத் தனியே கொதிக்கவைத்து, இலையை ஊறவைத்து, பாலைப் பிறகு சேர்க்கச் சொன்னார்கள். நம் பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிட்டார்கள். தமிழ்நாட்டில் நடுத்தர வர்க்க, குறிப்பாகப் பிராமண வீட்டின் அடையாளமாகக் காப்பியும் உழைப்பவரின் பானமாகத் தேநீரும் பிரிந்து நின்றதை ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரம் பரவியபின், கொஞ்சம் தூளில் நிறைய டம்ளர் கிடைத்தது. டீ எளிய வீட்டுக்கும் கட்டுப்படியானது.

இதில் பெண்ணுக்கு என்ன நடந்தது என்பதை யாரும் தனியாக எழுதி வைக்கவில்லை. நான் ஒன்று சொல்வேன்: பெண் தன் பெயரில் தரக்கூடிய முதல் விருந்தாகத் தேநீர் அமைந்தது. சோறு போட அரிசிக் கணக்கு வேண்டும், மாமியார் சம்மதம் வேண்டும், அரை நாள் வேண்டும். டீக்குப் பத்து நிமிடம் போதும். "ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போயேன்" என்று சொல்ல யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்த ஒரு வாய் தீரும் வரை, வாசலில் நின்று பேசியவள் உள்ளே உட்கார்ந்து பேசினாள்.

ஆனால் உட்காரவைத்த அதே டீ இன்னொரு வேலையாகவும் ஆயிற்று. சென்ற ஆண்டு முதுகலை மாணவியரிடம் ஒரு பயிற்சி கொடுத்தேன்: உங்கள் வீட்டில் ஒரு நாளில் எத்தனை முறை டீ போடப்படுகிறது, யார் போடுகிறார், யார் எங்கே உட்கார்ந்து குடிக்கிறார் என்று எழுதி வாருங்கள். பெரும்பாலான தாள்களில் அம்மா அடுக்களை மேடையில் சாய்ந்து நின்றபடி, ஆறிய பிறகு குடித்தார். அப்பாவின் நண்பர்கள் வந்தால் டீ, அண்ணனின் நண்பர்கள் வந்தால் டீ. அம்மாவைப் பார்க்க யார் வந்தார்கள் என்ற பத்தியைப் பலர் வெறுமையாக விட்டிருந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் முன் தட்டோடு நிற்கவைக்கப்பட்டதைச் சிலர் எழுதியிருந்தார்கள். அங்கே நடை, குனிவு, டம்ளரை நீட்டும் கை எல்லாம் மதிப்பெண்ணுக்குரியவை.

பரிமாறும் பெண்ணை யாரும் கண்டு அஞ்சியதில்லை. மேசையைச் சுற்றிப் பெண்களே உட்கார்ந்துவிட்டால் அப்படியில்லை. தேநீர் நமக்கு முன்பே வீட்டுப் பழக்கமான நாடுகளின் வரலாறு இதைக் காட்டுகிறது. 1774 அக்டோபர் 25-ஆம் நாள், வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில் 51 பெண்கள், தேயிலை உள்ளிட்ட பிரிட்டிஷ் பொருட்களைப் புறக்கணிக்கும் மாகாண முடிவுக்குத் துணைநிற்பதாகக் கையெழுத்திட்டார்கள். அடுத்த ஆண்டே லண்டனில் ஒரு கேலிச்சித்திரம் வந்தது. பெண்கள் கையெழுத்திடுகிறார்கள், மேசைக்கடியில் கவனிப்பாரில்லாமல் ஒரு குழந்தை கிடக்கிறது, நாய் அதை நக்குகிறது. பெண் அரசியல் பேசினால் பிள்ளை கெட்டுப்போகும் என்ற வசனம் எவ்வளவு பழையது பாருங்கள். 1791 முதல் பிரிட்டனில் பல பெண்கள், கரீபியத் தீவுகளில் அடிமைகள் உழைப்பில் விளைந்த சர்க்கரையைத் தங்கள் தேநீரிலிருந்து விலக்கினார்கள். வாக்குரிமை இல்லாதவர்களுக்குச் சர்க்கரைக் கிண்ணமே வாக்குப்பெட்டி ஆயிற்று.

1848 ஜூலை 9, நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்லூ. ஜேன் ஹன்ட் தன் வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்திருந்தார். வந்தவர்கள் லுக்ரீஷியா மாட், அவர் தங்கை மார்த்தா ரைட், மேரி ஆன் மெக்ளின்டாக், எலிசபெத் கேடி ஸ்டான்டன். இளம் தாயான ஸ்டான்டன் தன் மனக்குறையைக் கொட்டினார். குறையைப் பேசிவிட்டுக் கலைந்துபோகாமல், மாநாடு கூட்டுவதென்று முடிவெடுத்து, பத்திரிகைக்கு அறிவிப்பு எழுதினார்கள். பத்தாம் நாள் செனெகா ஃபால்ஸ் மாநாடு தொடங்கியது. அதன் பிரகடனத்தில் 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்திட்டார்கள். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற கோரிக்கை அதில் இருந்தது. வீட்டுத் தேநீர் 'வெட்டிப் பேச்சு' என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு பிற்பகல் போதும்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதி வரலாறுதான். அந்த ஈடன்டன் கேலிச்சித்திரத்தை மறுபடி பாருங்கள்: சீமாட்டிகளுக்குப் பின்னால், மைக்கூட்டோடு ஒரு கறுப்பினப் பெண் நிற்கிறாள். அவளிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. தேநீர் மேசைக்குப் பின்னால் எப்போதும் இப்படி ஒருத்தி நிற்கிறாள். நம் கதையில் அவள் நம் ஊர்க்காரி. இலங்கை மலையகத்தில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். நோய் தாக்கிக் காப்பித் தோட்டங்கள் அழிந்த பின், தேயிலை மலையை மூடியது. காப்பிக்கு அறுவடைக்காலம் உண்டு; அதற்குப் பெரும்பாலும் ஆண்கள் போய்த் திரும்பினார்கள். தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க வேண்டும். அதனால் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பெயர்த்தெடுத்து லயங்களில் அடைத்தார்கள். கொழுந்துக்கூடை பெண்ணின் முதுகில் ஏறியது இப்படித்தான். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யில் வரும் மருதி அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

மருதியின் வழிவந்தவர்கள் பேசாமல் இருந்துவிடவில்லை. 2015 செப்டம்பரில் மூணாறில், பெரும்பாலும் தமிழ்த் தலித் பெண்களான தோட்டத் தொழிலாளர்கள் போனஸ் வெட்டை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்தார்கள். அன்று அவர்கள் தினக்கூலி 232 ரூபாய். ஆண்கள் நடத்திய தொழிற்சங்கங்களை விலகச் சொல்லிவிட்டுத் தாங்களே பேச்சுவார்த்தைக்குப் போனார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று தங்களுக்குப் பெயரிட்டுக்கொண்டார்கள். 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது, கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் ஆயிற்று.

மலையிலிருந்து நம் அடுக்களைக்கு வருவோம். டீக்கடை இரட்டைக் குவளையைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். சட்டமும் போராட்டமும் அதைத் தொட்டிருக்கின்றன. வீட்டுக் குவளையைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. பாத்திரம் துலக்க வரும் அக்காவுக்கென்று ஜன்னல் மேடையில் கவிழ்த்து வைத்த டம்ளர் எத்தனை வீடுகளில் இருக்கிறது? அதை எடுத்து வைப்பது யார்? தனக்கென்று விருந்தாளி இல்லாத பெண்ணே, இன்னொரு பெண்ணை விருந்தாளி ஆகவிடாமல் காவல் காக்கிறாள். டீ கொடுக்கிறோமே என்பது பதில் ஆகாது. நாற்காலி கொடுக்கிறோமா, நம் டம்ளரில் கொடுக்கிறோமா என்பதுதான் கேள்வி. பெண்கள் சேர்ந்து உட்காரும் மேசை என்று நாம் பெருமையாகச் சொல்லும்போது, அதில் எத்தனை பெண்களுக்கு இடம் என்பதையும் எண்ணிச் சொல்ல வேண்டும்.

இந்த வரலாறு நூலகத்தில் இல்லை, வீடுகளில் இருக்கிறது. பாட்டியிடமும் அம்மாவிடமும் வேலைக்கு வரும் அக்காவிடமும் கேளுங்கள்: உன்னை மட்டுமே பார்க்க முதலில் வந்த பெண் யார்? எங்கே உட்கார்ந்தாள்? என்ன கொடுத்தாய், எந்த டம்ளரில்? என்ன பேசினீர்கள்? பெயரும் ஊரும் ஆண்டும் சேர்த்து எழுதி வையுங்கள். சிலர் அப்படி யாருமே வந்ததில்லை என்பார்கள். அதையும் எழுதுங்கள்.