அகதிகள் தொடங்கிய நூறாண்டுச் செபம்

சித்திரை பிறந்தால் நாம் கோயிலுக்குப் போகிறோம், தேவாலயத்துக்குப் போகிறோம். கைகூப்பி நிற்கும்போது எங்கட வாயில் முதலில் வருவது என்ன? விசா கிடைக்க வேண்டும், பிள்ளை சோதினை பாஸ் பண்ண வேண்டும், அம்மாவின் வருத்தம் மாற வேண்டும். இதில் பிழை ஒன்றுமில்லை. அந்தரப்பட்டு வந்த சனம் தனக்காகக் கேட்காமல் வேறென்ன செய்யும்? ஆனால் எங்களைப் போலவே ஊர்விட்டு ஓடிவந்த ஒரு கூட்டம், வந்து ஐந்தே வருடத்தில், பிறருக்காகச் செபிப்பதை முறைவைத்துச் செய்யத் தொடங்கியது. நூறு ஆண்டுகளாக அதை விடவுமில்லை. சைவம், கிறிஸ்தவம் என்ற பேதமின்றி அந்த வரலாற்றை எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

ஒருவர் இன்னொருவருக்காகக் கடவுளிடம் கேட்பதைக் கிறிஸ்தவர்களாகிய நாங்கள் மன்றாட்டுச் செபம் என்போம். கோயிலில் இன்னொருவரின் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்விப்பதில்லையா? அதற்கு அண்மித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கதை இன்றைய செக் நாட்டில் தொடங்குகிறது. திருச்சபையைத் திருத்த முயன்ற யான் ஹூஸ் 1415இல் உயிரோடு எரிக்கப்பட்டார். அவர் வழிவந்தோர் 1457இல் சகோதரர் சபை என்று ஒன்றை அமைத்தார்கள். 1620இல் பிராக் நகருக்கு அருகே வெள்ளைமலைப் போரில் புரட்டஸ்தாந்தர் பக்கம் தோற்றது. அடுத்த ஆண்டு 27 தலைவர்கள் பிராக் சதுக்கத்தில் கொல்லப்பட்டார்கள். பிறகென்ன, ஓடக்கூடியவர்கள் ஓடினார்கள். மற்றவர்கள் நூறு வருடமாக வீட்டுக்குள் ஒளித்து வழிபட்டார்கள்.

1722இல் கிறிஸ்தியான் டேவிட் என்ற தச்சுத் தொழிலாளி மொறாவியா மாநிலத்திலிருந்து சில குடும்பங்களை எல்லை கடத்தி ஜேர்மனியின் சக்சனிக்குக் கூட்டிவந்தார். அங்கே சின்சென்டோர்ப் என்ற 22 வயதுப் பிரபு தன் காணியில் குடியேற இடம் கொடுத்தார். ஜூன் 17ஆம் திகதி முதல் மரம் தறிக்கப்பட்டது. அந்தக் குடியேற்றத்துக்கு ஹேர்ன்ஹூட் என்று பெயர் வைத்தார்கள். ஆண்டவரின் காவல் என்பது அதன் பொருள்.

1727இல் அங்கே ஏறக்குறைய 300 பேர் இருந்தார்கள். பல இடங்களிலிருந்து, பல சபைகளிலிருந்து வந்தவர்கள். சும்மா இருப்பார்களா? எந்த முறையில் வழிபடுவது, யார் சொல்வதைக் கேட்பது என்று ஒரே சண்டை. எங்கட சங்கக் கூட்டம் மாதிரிக் கிடக்குது எண்டு நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது! சின்சென்டோர்ப் தன் அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்து, வீடு வீடாகப் போய்க் கதைத்தார். மே 12இல் எல்லோருக்குமான ஒழுங்குவிதிகள் ஏற்கப்பட்டன. ஆகஸ்ட் 13இல் பக்கத்து பெர்தெல்ஸ்டோர்ப் தேவாலயத்தில் ஒன்றாக நற்கருணை எடுத்தபோது மனங்கள் ஒட்டின.

இரண்டு வாரத்தின் பின், ஆகஸ்ட் 27இல் அந்தச் செபம் தொடங்கியது. 24 ஆண்கள், 24 பெண்கள். நாளின் 24 மணித்தியாலங்களையும் பிரித்தெடுத்தார்கள். ஒவ்வொரு மணிக்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தத்தம் இடத்தில் இருந்து பிறருக்காக மன்றாடினார்கள். விடியப்புறம் இரண்டு மணியும் யாரோ ஒருவருடைய முறைதான். எங்கட கோயில்களில் தூண்டாமணி விளக்கு அணையாமல் பார்ப்பதைப் போல, ஆள் மாறினாலும் செபம் மாறவில்லை.

இங்கே ஒரு விசயத்தைக் கவனிக்க வேண்டும். யாருக்காக என்று தெரியாமல் ஒரு மணித்தியாலம் செபிக்க முடியாது. ஆகவே செபிப்பவர்கள் வாரம் ஒருமுறை கூடி, யாருக்கு என்ன தேவை என்று அறிந்துகொண்டார்கள். 1728 முதல் மாதம் ஒருநாள் சபை முழுவதும் கூடி, தூர இடங்களிலிருந்து வந்த கடிதங்களை வாசித்தது. செபத்துக்குச் செய்தி தேவைப்பட்டது. செய்தி வந்ததும் சும்மா இருக்க முடியாமல் போனது.

1731இல் சின்சென்டோர்ப் கொப்பன்ஹேகனில் அன்ரன் என்ற கறுப்பினத்தவரைச் சந்தித்தார். டென்மார்க்குக்குச் சொந்தமான கரீபியன் தீவு சென் தோமசில் அடிமையாக வாழ்ந்தவர் அவர். அங்குள்ள தன் சகோதரியையும் மற்ற அடிமைகளையும் பற்றி அவர் ஹேர்ன்ஹூட்டுக்கு வந்தும் சொன்னார். அடுத்த ஆண்டே குயவர் லெயோன்ஹார்ட் டோபரும் தச்சர் டேவிட் நிச்மானும் அங்கே புறப்பட்டார்கள். 1733இல் வேறு சிலர் கிறீன்லாந்துக்குப் போனார்கள். படித்த குருமார் அல்ல, கைத்தொழில் செய்த அகதிகளும் அவர்களோடு கூடிவாழ்ந்தவர்களும்!

ஒரு கறையையும் மறைக்கக்கூடாது. அடிமைகளுக்காகச் செபித்த இதே சபை சில ஆண்டுகளில் சென் தோமசில் தோட்டம் வாங்கி, அடிமைகளையும் வைத்திருந்தது. அத்தீவுகளில் அடிமைத்தனம் ஒழிந்தது 1848இல், அடிமைகள் தாங்களே எழும்பி நின்றபோதுதான். ஒருவருக்காகச் செபித்துக்கொண்டே அவர் தோளில் ஏறியிருக்கவும் மனிதனால் முடியும். அந்த எச்சரிக்கையும் இந்த வரலாற்றுக்குள் இருக்கிறது.

எங்களுக்கும் இதற்கும் தொடர்பு இல்லாமலில்லை. சின்சென்டோர்ப் ஹாலே நகரில் படித்த பையனாக இருந்தபோதே, தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழருக்கிடையில் செய்த பணியைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர். 1760இல் மொறாவியச் சகோதரர்களே தரங்கம்பாடிக்கு வந்தார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. 1736 ஜனவரியில் அத்திலாந்திக் கடலில் புயலில் அகப்பட்ட கப்பலில் ஆங்கிலேயர் பயந்து அலறினார்கள். கூடவந்த மொறாவியர்கள் அமைதியாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தவர் ஜோன் வெஸ்லி. 1738இல் அவர் ஹேர்ன்ஹூட்டுக்கே போய் வந்தார். அவர் வழிவந்த மெதடிஸ்த மிசனரிமார் 1814இல் இலங்கைக்கு வந்தார்கள். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் வேம்படியும் அவர்கள் வழியாக வந்தவை. அங்கே படித்த எங்கட ஆக்கள் எத்தனை பேர்!

பிறருக்காகச் செபித்தால் நடக்குமோ எண்டு கேட்பீங்கள். நான் நம்புகிறேன், ஆனால் வரலாற்றை வைத்து அதை நிரூபிக்க முடியாது. வரலாறு காட்டுவது வேறொன்று. இன்னொருவரின் பெயரைச் சொல்லிச் செபிக்க, முதலில் அந்தப் பெயரை அறிய வேண்டும். அறிந்தபின் ஒருநாள் எழும்பிப் போகவேண்டி வரும்.

எங்களுக்குப் பிறகு வந்து அகதி முகாம்களில் இருக்கும் சிரியர், எரித்திரியர், உக்ரேனியர் எத்தனை பேரின் பெயர் எங்களுக்குத் தெரியும்? நாங்கள் வந்த நாளில் எங்கட பெயரைக் கேட்டு எழுதிவைத்தவர்கள் சிலர் இருந்தார்கள்தானே. இந்த வருசம் ஒவ்வொரு வீட்டிலும், எங்கட சொந்தமல்லாத ஒருவரின் பெயராவது விளக்கின் முன்னோ சிலுவையின் முன்னோ சொல்லப்படட்டும்.