கோவளம் வடிநில வடிகால் திட்டமும் காலநிலை நிதிக் கணக்கும்

தென்சென்னை மழைநீரின் பெரும்பகுதி ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாக முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. இந்தக் கோவளம் வடிநிலத்தில் பெருநகர சென்னை மாநகராட்சி அமைக்கும் மழைநீர் வடிகால்களுக்கு ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கி கடன் தருகிறது. மணற்பாங்கான நிலம் மழையைத் தானே உறிஞ்சிக்கொள்ளும், வடிகால் வெட்டினால் நிலத்தடி நீர் குறையும் என்று கூறிக் கிழக்குக் கடற்கரைச் சாலைக் குடியிருப்போர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றனர்.

வளர்ந்த நாடுகள், இத்தகைய கடன்கள் உட்பட, தாம் தரும் காலநிலை நிதியை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்கிறது பாரிஸ் உடன்படிக்கையின் (2015) 13ஆம் பிரிவு. ஆனால் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பின் கணக்கில் கடன் முழு முகமதிப்பில் ஏறுகிறது. திருப்பிச் செலுத்த வேண்டிய பணமும் மானியமும் ஒரே மொத்தத்தில் சேர்கின்றன. எந்தத் தெருவில் எவ்வளவு செலவானது, அங்கே வெள்ளம் வடிந்ததா என்பது கரையோர மக்களுக்கு மிகவும் வேண்டிய தகவல். அந்த அமைப்பின் கணக்கு அட்டவணைகளில் அது இல்லை.