கம்பளி, ரப்பர், ஜவ்வு: ஒரு கையுறையின் கதை

பனியனுக்குத் திருப்பூர் என்றால் ஸ்வெட்டருக்கு லூதியானா. இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஆறு குளிர்காலம் பார்த்தாயிற்று. தெற்கேயிருந்து புதிதாக வருகிற நம்மவர்கள் முதல் குளிருக்கு என்னென்ன வாங்குவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, ரஜாய், ரூம் ஹீட்டர். கையைப் பற்றி மட்டும் யாரும் யோசிப்பதில்லை. டிசம்பர் கடைசியில் ஒரு நாள், ரோட்டோரம் குவித்து வைத்து விற்பவரிடம் ஒரு ஜோடி உல்லன் கிளவுஸ் வாங்கிப் பிள்ளையின் பையில் போட்டுவிடுவார்கள். கடமை முடிந்தது.

அந்தப் பிள்ளை மறுநாள் காலை, பத்தடி தள்ளி இருப்பது தெரியாத மூடுபனியில், சைக்கிளில் ட்யூஷனுக்குப் போகும். ஜனவரியில் இங்கே விடிகாலை 5, 6 டிகிரி சாதாரணம். பத்து நிமிஷத்தில் விரல் மரத்துவிடும். மரத்தால் வலி தெரியாது, சரி. பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதும் தெரியாதே? முன்னால் விளக்கில்லாத டிராக்டர் ட்ராலி ஒன்று நின்றால்... வேண்டாம், எழுதவே பிடிக்கவில்லை.

அதனால்தான் இந்தத் தடவை கையுறை. அதுவும் அதன் சரித்திரம். கையுறைக்கு ஒரு சரித்திரமா என்று சிரிக்காதீர்கள் (தங்கமணி ஏற்கெனவே சிரித்தாகிவிட்டது). குளிரையும் ஈரத்தையும் ஒரே உறையால் தடுக்க மனுஷன் இருநூறு வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். அந்தக் கதை தெரிந்தால், கடைக்காரர் "வாட்டர் ப்ரூஃப் ஹை, சர்ஜி" என்று சொல்லும்போது அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்துவிடும்.

ஒரு சைக்கிள் பந்தயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். 1980 ஏப்ரல் 20, பெல்ஜியம். லியேஜில் கிளம்பி பாஸ்தோன் போய் மறுபடி லியேஜுக்கே திரும்பும் பந்தயம், 240 கிலோமீட்டருக்கும் மேல். 1892-ல் தொடங்கியது. அன்றைக்கு 174 பேர் கிளம்பினார்கள். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பனி கொட்ட ஆரம்பித்தது. கூட்டம் கூட்டமாகப் பந்தயத்தை விட்டு விலகினார்கள். முடித்தவர்கள் 21 பேர்தான். முதலில் வந்தவர் பிரான்ஸின் பெர்னார் இனோ. கடைசி 80 கிலோமீட்டரைத் தன்னந்தனியாக ஓட்டி, இரண்டாவதாக வந்தவரை 9 நிமிஷத்துக்கு மேல் பின்னுக்குத் தள்ளியிருந்தார். சைக்கிள் உலகம் இன்றைக்கும் அதைப் பேசுகிறது. அதற்கு அவர் கொடுத்த விலை இரண்டு விரல்கள். வெட்டி எடுக்கவில்லை, ஆனால் குளிரில் அடிபட்டு, சரியாக அசைக்க முடியாமல் வாரக்கணக்கில் கிடந்தன. பல வருஷம் கழித்தும் குளிர் வந்தால் அந்த விரல்கள் வலிக்கின்றன என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 25.

இதில் என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்த விஷயம், அன்றைய குளிர் ஒன்றும் சைபீரியக் குளிர் இல்லை என்பது. பூஜ்யத்தை ஒட்டிய குளிர்தான். கூடவே ஈரமான பனி, காற்று, சைக்கிளின் வேகம்.

காமர்ஸ் படித்தவனுக்குப் புரிந்த அளவில் காரணத்தைச் சொல்கிறேன். கம்பளி நம்மைச் சூடாக்குவதில்லை. அது சுருள் சுருளான தன் இழைகளுக்கு நடுவே காற்றைச் சிறைப்பிடித்து வைக்கிறது, காற்று நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. அவ்வளவுதான். ஈரமானால் அந்தக் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். வைப்புத்தொகை எல்லாம் ஒரே நாளில் காலி!

இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் விஞ்ஞானிகள் அல்ல, மீனவர்கள். வட அட்லாண்டிக் கரைகளில், நார்வேயிலும் அமெரிக்காவின் மெய்ன் பகுதியிலும், மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு வீட்டுப் பெண்கள் கம்பளி உறை பின்னிக் கொடுப்பார்கள். விரல் விரலாக இருக்காது. கட்டைவிரலுக்கு ஒன்று, மற்ற நான்குக்கும் சேர்த்து ஒன்று. கையைவிட ரொம்பப் பெரிதாகப் பின்னி, பிறகு வெந்நீரில் போட்டுத் தேய்த்துச் சுருங்க வைப்பார்கள். சுருங்கினால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கி, தடித்த கம்பளம் மாதிரி ஆகிவிடும். கடலில் இறங்கியதும் மீனவர் அதை வேண்டுமென்றே தண்ணீரில் நனைத்து, இறுகப் பிழிந்து மாட்டிக்கொள்வார். கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறதல்லவா? எப்படியும் நனையத்தான் போகிறது. தடித்த கம்பளியைப் பிழிந்துவிட்டால் உள்ளே காற்றுக்கு மறுபடி இடம் கிடைக்கும், வெளிக்காற்றும் சுலபமாக நுழையாது. போதாததற்குக் கம்பளி இழை தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைத் தனக்குள்ளேயே உறிஞ்சி வைத்துக்கொள்ளும், தொட்டால் ஈரம் தெரியாது.

ஆக, இவர்களுடைய வழி தண்ணீரைத் தடுப்பதல்ல. நனைந்தாலும் சூட்டை விடாமல் இருப்பது.

இன்னொரு வழியை 1823-ல் கிளாஸ்கோவில் சார்லஸ் மெக்கின்டாஷ் திறந்து வைத்தார். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, அந்தக் குழம்பை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டினார். தண்ணீர் புகாத துணி ரெடி. இங்கிலாந்தில் மழைக்கோட்டுக்கே இன்றும் அவர் பெயர்தான். ஆனால் ஆரம்பத்தில் அந்தத் துணி நாறியது, வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் பலகை மாதிரி விறைத்தது. 1840-களில் இங்கிலாந்தில் தாமஸ் ஹேன்காக்கும் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயரும் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

தீராத தொல்லை ஒன்று இருந்தது: வியர்வை. வெளித் தண்ணீர் உள்ளே வராத துணியில் உள் தண்ணீரும் வெளியே போகாது. சைக்கிள் மிதிக்கிறவனுக்குக் கை வியர்க்கும். அரைமணி நேரத்தில் உறைக்குள் சின்னக் குளம். மழையில் நனைந்தால் என்ன, சொந்த வியர்வையில் நனைந்தால் என்ன, விரலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்த முடிச்சு அவிழ இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. நம் தோசைக்கல்லில் ஒட்டாமல் இருக்கப் பூசுகிறார்களே டெஃப்லான், அதை 1938-ல் டுபான்ட் கம்பெனியின் ராய் பிளங்கெட் எதேச்சையாகக் கண்டுபிடித்தார். 1969-ல் பாப் கோர் என்பவர் அதே பொருளின் கம்பிகளைச் சூடாக்கி மெதுவாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக இழுத்தால் அறுந்துகொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் வெடுக்கென்று இழுத்தார். அறுவதற்குப் பதில் பல மடங்கு நீண்டது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துவாரங்கள். நீர்த்துளி நுழைய முடியாத அளவு சின்னவை, ஆவி வெளியேறப் போதுமான அளவு பெரியவை. 1976-ல் கோர்-டெக்ஸ் என்ற பெயரில் அந்த ஜவ்வு வைத்த துணி விற்பனைக்கு வந்தது. இனோ விரல் விறைத்துப் போனதற்கு நாலு வருஷம் முன்பே! கண்டுபிடிப்பு நடப்பதும் தேவைப்படுகிறவன் கைக்கு அது வந்து சேர்வதும் வேறு வேறு விஷயங்கள்.

இந்த இடத்தில் ஒரு சூட்சுமம். மேல்கோட்டில் தையல் குறைவு. ஊசி குத்திய ஓட்டைகளை உள்பக்கம் பட்டை ஒட்டி அடைத்துவிடலாம். ஐந்து விரல் கையுறையில் எத்தனை தையல், எத்தனை வளைவு! எல்லாவற்றையும் அடைப்பது பெரும்பாடு. அதனால் பல கையுறைகளில் ஜவ்வைத் தனியே ஒரு பை மாதிரி செய்து, வெளித்துணிக்கும் உள் லைனிங்குக்கும் நடுவே செருகிவிடுகிறார்கள். தண்ணீர் விரலுக்கு வராது, உண்மைதான். ஆனால் வெளித்துணி தொப்பலாக நனைந்து கனத்துக் குளிர்ந்துவிடும், அந்த ஈரத்தைத் தாண்டி உள் ஆவியும் வெளியேறத் திணறும். ஈரக் கையோடு கழற்றினால் லைனிங்கும் கூடவே உருவிக்கொண்டு வரும், திரும்ப விரலை நுழைப்பதற்குள் சிக்னல் இரண்டு தடவை மாறிவிடும்.

மீனவர்களின் வழி என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? 1988 ஜூன் 5, இத்தாலி. அங்கே நடந்த பெரிய சைக்கிள் போட்டியில் அன்றைக்கு காவியா என்ற கணவாயை ஏற வேண்டும். உயரம் 2,600 மீட்டருக்கு மேல், உச்சியில் பனிப்புயல். அமெரிக்க அணியின் நிர்வாகிகள் காலையிலேயே பனிச்சறுக்குக் கடைக்குப் போய்க் கையுறையும் குல்லாவுமாக வாங்கிக் குவித்தார்கள். அந்த அணியின் ஆண்டி ஹாம்ப்ஸ்டன் மாட்டிக்கொண்டது நியோப்ரீன் கையுறை, அதாவது முக்குளிப்பவர்கள் போடுவது. அதுவும் தண்ணீரை முழுசாகத் தடுக்காது. ரப்பர் நுரைக்குள் அடைபட்ட காற்றுக் குமிழிகள் இருப்பதால் நனைந்தாலும் சூடு நிற்கும். மீனவரின் கம்பளி உறை போட்ட அதே கணக்கு. உச்சியை முதலில் தாண்டியவர் நெதர்லாந்தின் யோஹான் வான் டெர் வெல்டே, அரைக்கைச் சட்டையோடு. இறக்கத்தில் குளிர் தாங்காமல் ஒதுங்கியவர் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து சேர்ந்தார். ஹாம்ப்ஸ்டன் அன்றைக்கு இரண்டாவதாக வந்து முன்னிலை பெற்று, கடைசியில் அந்தப் போட்டியையே வென்றார். ஏற்றத்தில் உடம்பு உழைத்துச் சூடாகும். இறக்கத்தில் உழைப்பு இல்லை, காற்று மட்டும். கை விறைப்பது அங்கேதான்.

காற்று என்றதும் பால் சைபிள் ஞாபகம் வருகிறார். 1928-ல் சாரணச் சிறுவனாக அண்டார்ட்டிகா பயணத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1940 வாக்கில் சார்லஸ் பாசல் என்பவரோடு மறுபடி அங்கே இருந்தபோது, ஒரு பிளாஸ்டிக் குப்பியில் 250 கிராம் தண்ணீரை ஊற்றிக் கூரைமேல் தொங்கவிட்டு, எந்தக் காற்றில் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று அளந்தார். காற்றோடு சேர்ந்த குளிருக்குக் கணக்கு அங்கேதான் பிறந்தது. 2001-ல் அமெரிக்காவும் கனடாவும் திருத்தியமைத்த சூத்திரத்தில் நம்ம ஊர் எண்களைப் போட்டுப் பார்த்தேன். 5 டிகிரி காலையில் மணிக்கு 20 கிலோமீட்டரில் சைக்கிள் ஓட்டினால் 1 டிகிரி மாதிரி உறைக்கும். 40-ல் ஸ்கூட்டர் ஓட்டினால் பூஜ்யத்துக்கும் கீழே. (முகத்தை வைத்துப் போட்ட சூத்திரம்தான், ஆனாலும் கை அதைவிடச் சுகமாக இருக்கப் போவதில்லை.)

லூதியானாவுக்கு வருவோம். 1833-ல் காஷ்மீரில் பெரும் பஞ்சம். சால்வை நெசவாளர்கள் பலர் கீழே இறங்கி வந்து இங்கேயும் அமிர்தசரஸிலும் குடியேறினார்கள். இந்த ஊரின் கம்பளித் தொழிலுக்கு வேர் அது. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த முஞ்சால் சகோதரர்கள் 1956-ல் இங்கே ஹீரோ சைக்கிள் கம்பெனியை ஆரம்பித்தார்கள், 1986-ல் உலகிலேயே அதிகம் சைக்கிள் செய்யும் கம்பெனி என்று கின்னஸில் ஏறியது. கம்பளியும் சைக்கிளும் ஒரே ஊரில்! இரண்டுமே வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களின் கைவண்ணம் என்பது இன்னொரு விஷயம். அப்படிப்பட்ட ஊரில் ரிக்‌ஷாக்காரர் ஒருவர் கையில் பழைய சாக்ஸை மாட்டி, அதற்குமேல் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு மிதித்துப் போவதை ஜனவரியில் தினமும் பார்க்கலாம்.

அவர் செய்வதுதான் சரி என்பேன். இங்கே நம் கையை வாட்டுவது மழை இல்லை. காற்றும் மூடுபனியும்தான். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பி வரும் மேற்கத்திய இடையூறுகளால் ஜனவரியில் சில நாள் மழை உண்டு, அவ்வளவே. அதற்காக விலை உயர்ந்த ஜவ்வுக் கையுறையை எல்லோரும் வாங்க வேண்டியதில்லை. மணிக்கணக்கில் மழையில் ஓட்டுகிறவர்கள், மலைக்குப் போகிறவர்கள் வாங்கட்டும். அரைமணி நேரம் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு மெல்லிய கம்பளி உறை ஒன்று, அதற்குமேல் காற்றுப் புகாத வெளியுறை ஒன்று போதும். காற்றுப் புகுமா என்று கண்டுபிடிக்க, துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மறுபக்கம் கையில் காற்றுப் பட்டால் வேண்டாம். மழை நாளுக்குப் பாத்திரம் கழுவப் பயன்படும் ரப்பர் கையுறை, ஒரு சைஸ் பெரிதாக, கம்பளிக்கு மேலே. மெக்கின்டாஷின் வியர்வைத் தொல்லை அரைமணி நேரத்துக்குள் பெரிதாகத் தலைகாட்டாது, பிரேக்கிலும் வழுக்காது.

இறுக்கமாக மட்டும் வாங்காதீர்கள். விரல் நுனியில் கொஞ்சம் இடம் வேண்டும். இறுக்கினால் ரத்தம் ஓடாது, காற்றுக்கும் இடமிருக்காது. மழையில் கோட்டின் கை, கையுறைக்கு மேலே இருக்கட்டும். சைக்கிளில் கை கீழ்நோக்கிச் சரிவதால், கோட்டுக்கு மேலே கையுறை போட்டால் தண்ணீர் வழிந்து நேராக உள்ளே போகும். ஸ்கூட்டர்காரர்கள் ஹேண்டில்பாரோடு கட்டுகிறார்களே பெரிய உறை, அது சைக்கிளுக்கும் நன்றாகவே உதவும். ஆனால் விழும்போது கையைச் சட்டென்று உருவ முடிகிறதா என்று பிள்ளையை நிற்க வைத்து நாலு தடவை பழக்கிவிடுங்கள். எதை வாங்கினாலும் பிள்ளையைச் சைக்கிளோடு கடைக்கு அழைத்துப் போய், கையுறையோடு பிரேக்கை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். சௌரா பஜார் நெரிசலில் சைக்கிளா என்று திட்டுவார்கள். திட்டட்டும்.

பி.கு.: நனைந்த கையுறையை ஹீட்டர்மேல் போடாதீர்கள், கம்பளி கெட்டுவிடும். உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி வைத்தால் காலைக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும். சின்னப் பிள்ளைகள் சைஸ் தீபாவளிக்கு முன்பே வாங்கிவிடுங்கள். ஜனவரியில் போனால் பெரியவர்கள் சைஸ்தான் மிச்சம் இருக்கும்.