டிவி ஸ்டிக் வைஃபையில் கனெக்ட் ஆகவில்லையா? ரீசெட் போடும் முன் இதைப் பாருங்கள்

ஆபீஸ் முடிந்து வந்து, சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன்னால் உட்காருகிறீர்கள். படம் வருவதற்குப் பதில், ‘நெட்வொர்க்குடன் இணைக்க முடியவில்லை’ என்று ஒரு வரி வருகிறது. கையில் இருக்கும் போனிலோ ரீல்ஸ் தடையில்லாமல் ஓடுகிறது. ‘அப்போ ஸ்டிக்தான் போச்சு’ என்று முடிவு செய்து, சிலர் ஃபேக்டரி ரீசெட் போடுகிறார்கள். இன்னும் சிலர் கூகுளில் கஸ்டமர் கேர் நம்பரைத் தேடுகிறார்கள். இரண்டுக்குமே இப்போது அவசரம் இல்லை. இரண்டாவது, உங்கள் பணத்துக்கே வேட்டு வைக்கக்கூடியது.

போனை அப்படியே நம்பாதீர்கள்

முதலில் போனில் மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணுங்கள். வைஃபையில் நெட் வராவிட்டால், பல போன்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். நீங்கள் ‘வைஃபை நல்லாத்தானே இருக்கு’ என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

டேட்டாவை நிறுத்தியதும் போனிலும் நெட் போய்விட்டதா? அப்படியானால் ஸ்டிக் மீது தப்பில்லை. ஃபைபர் இணைப்பு என்றால், ரூட்டரில் ‘எல்ஓஎஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் ஃபைபர் சிக்னலே வீட்டுக்கு வரவில்லை. பிராட்பேண்ட் நிறுவனத்தில் புகார் பதிவு செய்வதுதான் வழி. விளக்கெல்லாம் சரியாக இருந்தும் நெட் இல்லையென்றால், பிளான் முடிந்துவிட்டதா என்று ஒரு தடவை பாருங்கள். இது நிறைய பேருக்கு நடப்பதுதான்!

ஃபயர் டிவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், உங்கள் வைஃபை பெயர் மீது நின்று பிளே/பாஸ் பட்டனை அழுத்துங்கள். ரூட்டரோடு இணைப்பு இருக்கிறதா, அதைத் தாண்டி இணையம் வருகிறதா என்று காட்டும்.

வைஃபை பெயரே லிஸ்ட்டில் இல்லையா?

இன்றைய ரூட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. உங்கள் வைஃபை பெயரின் கடைசியில் ‘5ஜி’ என்று இருந்தால் அது இரண்டாவது வகை. மொபைல் 5ஜிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது பலவீனமாகிவிடும். ரூட்டர் ஹாலில், டிவி பெட்ரூமில் என்றால் 2.4-ஐப் போட்டுப் பாருங்கள்.

நேற்று வரை தெரிந்த பெயர் இன்று திடீரென்று காணாமல் போனால், ரூட்டர் தானாகவே சேனலை மாற்றியிருக்கலாம். 2.4-ல் 12, 13 ஆகிய சேனல்களும், 5-ல் ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளப்படும் 52 முதல் 144 வரையிலான சேனல்களும் சில ஸ்ட்ரீமிங் கருவிகளின் கண்ணில் படாது. ரூட்டர் செட்டிங்ஸில் 2.4-க்கு 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றையும், 5-க்கு 36 முதல் 48 வரையிலான ஒன்றையும் தேர்வு செய்யுங்கள். அந்தப் பக்கத்தின் முகவரி பெரும்பாலும் ரூட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

இன்னொன்று, ஸ்டிக் இருக்கும் இடம். டிவிக்குப் பின்னால், சுவரோடு ஒட்டிச் சொருகினால் சிக்னலை டிவியே மறைக்கும். ஃபயர் டிவி ஸ்டிக் பாக்ஸோடு வரும் குட்டி எச்டிஎம்ஐ எக்ஸ்டெண்டர் இதற்காகத்தான். அப்புறம் பவர். டிவியின் யூஎஸ்பி போர்ட் 2.0 வகை என்றால் தரப்படி 0.5 ஆம்பியர்தான் கிடைக்கும். ஸ்டிக்கோடு வரும் அடாப்டர் தருவது 1 ஆம்பியர். அடாப்டரையே பயன்படுத்துங்கள்.

பெயர் தெரியுது, உள்ளே போகலையா?

ரிமோட்டில் பாஸ்வேர்ட் அடிக்கும்போது பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறுவது சகஜம். நெட்வொர்க்கை ‘ஃபர்கெட்’ செய்துவிட்டு மறுபடி நிதானமாக அடியுங்கள். பழைய ஸ்டிக் என்றால், ரூட்டரில் பாதுகாப்பு முறை ‘டபிள்யூபிஏ3 மட்டும்’ என்று இருக்கிறதா பார்த்து டபிள்யூபிஏ2-வுக்கு மாற்றுங்கள். புது ரூட்டர் வாங்கியிருந்தால், பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே அதற்கும் வையுங்கள். பெரும்பாலான கருவிகள் தானாகவே ஒட்டிக்கொள்ளும்.

இன்னும் சந்தேகமா? போனில் ஹாட்ஸ்பாட் போட்டு ஸ்டிக்கை அதில் இணையுங்கள். இணைந்தால் ஸ்டிக் நல்லாத்தான் இருக்கிறது, கோளாறு ரூட்டர் பக்கம். ஐபோன் 12 அல்லது அதற்குப் பிறகு வந்த மாடல் என்றால் ஹாட்ஸ்பாட்டில் ‘மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி’யை ஆன் செய்யுங்கள், அப்போதுதான் 2.4-ல் வரும். சோதித்ததும் ஹாட்ஸ்பாட்டை நிறுத்திவிடுங்கள். எச்டி வீடியோ மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும். தினம் 2 ஜிபி பேக்கெல்லாம் ஒரு படத்துக்கே தாங்காது.

பிஜி, ஹாஸ்டல் வைஃபை என்றால் கதையே வேறு. அங்கே பிரவுசரில் ஒரு லாகின் பக்கம் வந்த பிறகுதான் நெட் கிடைக்கும். பழைய குரோம்காஸ்ட்டில் அந்தப் பக்கத்தைத் திறக்கவே வழியில்லை. பல பொது நெட்வொர்க்குகளில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள், அதனால் காஸ்ட் ஆகாது. உங்கள் போனில் ஆபீஸ் விபிஎன் ஓடினாலும் இதே நிலைதான்.

ரீசெட் ஏன் கடைசி?

2025 மார்ச்சில் உலகம் முழுக்க இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யாமல் போயின. காரணம், காலாவதியான ஒரு டிஜிட்டல் சான்றிதழ். ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள் என்று கூகுள் அப்போது சொன்னது. பொறுத்திருந்தவர்களுக்கு அப்டேட் வந்து சரியானது. அவசரப்பட்டு ரீசெட் போட்டவர்கள் மீண்டும் செட்டப் செய்வதற்கே திண்டாடினார்கள்.

எனவே முதலில் ரீஸ்டார்ட். ரூட்டரை 30 வினாடி அணைத்துப் போட்டு, விளக்குகள் நிலையானதும் ஸ்டிக்கைப் பிடுங்கிச் சொருகுங்கள்.

கூகுளில் கிடைக்கும் நம்பர்

ஸ்ட்ரீமிங் கருவிகளின் பெயரில் போலி கஸ்டமர் கேர் எண்களை வைத்து ஏமாற்றுவது நெடுநாளாக நடக்கிறது. ‘ஆக்டிவேஷன் ஃபீஸ்’ கேட்பார்கள், அல்லது திரையைப் பகிரும் ஆப்பை போனில் போடச் சொல்வார்கள். ஸ்டிக்கை ஆக்டிவேட் செய்ய அமேசானோ கூகுளோ கட்டணம் வாங்குவதில்லை. உதவி வேண்டுமென்றால் அவர்களுடைய ஆப் அல்லது இணையதளத்துக்குள் போய்த்தான் கேளுங்கள். ஏற்கெனவே பணம் போய்விட்டதா? உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துவிட்டு, உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு.