தங்க முத்திரையும் ஒரு சிலந்தியும்

பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவள் ஊர் நடுநிலைப் பள்ளிக்குக் கதைப் புத்தகம் வாங்க ஐயாயிரம் ரூபாய் சேர்த்திருக்கிறார்களாம். "பரிசு வாங்கின நாவலாப் பாத்து லிஸ்ட் போட்டுக் கொடுங்க டீச்சர். பரிசு கொடுத்திருந்தா நல்லாத்தானே இருக்கும்?" என்றாள். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

சிறுவர் நூலுக்கென்று உலகில் முதலில் வந்த பரிசு அமெரிக்காவின் நியூபெரி பதக்கம். 1921-இல் பிரெடரிக் மெல்ச்சர் என்ற பதிப்புத் துறைக்காரர் யோசனை சொல்ல, நூலகச் சங்கம் ஏற்றுக்கொண்டது. ஜான் நியூபெரி 18-ஆம் நூற்றாண்டு லண்டன் புத்தக வியாபாரி. 1744-இல் குழந்தைகளுக்கு ஒரு சின்னப் புத்தகம் போட்டு, பையன் வாங்கினால் பந்து, பெண் பிள்ளை வாங்கினால் குண்டூசி குத்தி வைக்கும் மெத்தை என்று சேர்த்து விற்றவர். (இலவச இணைப்பு நம் காலத்துச் சரக்கு என்று நினைத்திருந்தேன்!)

1922-இல் முதல் பதக்கம். குழந்தைகள் பிரிவு நூலகர்கள் போட்ட 212 ஓட்டில் 163 வாங்கி வென்றது வான் லூன் எழுதிய உலக வரலாறு. நாவலே அல்ல. 1928-இல் நம் நாட்டவர் ஒருவருக்குக் கிடைத்தது. கல்கத்தா அருகே பிறந்து அமெரிக்கா போன தன கோபால் முகர்ஜி. சித்திரக்ரீவன் என்ற புறாவின் கதை. அந்தப் புறா முதல் உலகப் போரில் கடிதம் சுமக்கப் போகிறது. திரும்பி வந்த பிறகு அதன் மனதில் தங்கிவிட்ட பயத்தை இமயமலை மடாலயத்தில் வைத்துப் போக்குகிறார்கள். பயந்த பிள்ளையைக் கையாண்ட எந்த ஆசிரியரும் அந்தப் பகுதியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்.

நான் சொல்ல வந்தது 1953-ஐப் பற்றி. அந்த ஆண்டு களத்தில் இருந்த ஒரு நூல் ஈ. பி. வைட் எழுதிய 'சார்லட்ஸ் வெப்'. கொல்லப்பட இருக்கும் பன்றிக்குட்டியை, வலையில் எழுத்துகள் பின்னி ஒரு சிலந்தி காப்பாற்றும் கதை. பதக்கம் அதற்குக் கிடைக்கவில்லை. ஆன் நோலன் கிளார்க்கின் 'சீக்ரெட் ஆஃப் தி ஆண்டிஸ்' வென்றது. சிலந்திக்கு அடுத்த இடம். இன்று அதை கௌரவ நூல் என்று சொல்லி வெள்ளி நிற முத்திரை ஒட்டுகிறார்கள். தென் அமெரிக்காவைப் பற்றி நல்ல சிறுவர் நூலே வரவில்லை, அதனால் இதற்கு ஓட்டுப் போட்டேன் என்று நடுவர் ஒருவர் பின்னாளில் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு.

மருமகள் சிங்கப்பூரிலிருந்து இரண்டு புத்தகத்தையும் கொண்டுவந்து தந்தாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். கிளார்க் அம்மையாரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவரும் ஆசிரியை, பூர்வகுடிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர். பெரு நாட்டு மலைப் பள்ளத்தாக்கில் லாமா மேய்க்கும் கூசி என்ற பையனும், அவனை வளர்க்கும் கிழவரும். தனக்கொரு குடும்பம் தேடிப் போகும் அந்தப் பையன் மனதில் நிற்கிறான். மலையை அழகாகக் காட்டுகிறார். ஆனால் ஒன்றும் நடக்காமல் பல பக்கம் போகிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளை பாதியில் வைத்துவிடும். சிலந்திக் கதையில் சந்தைத் திடலில் சார்லட் இறந்துபோகும் இடத்தில் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. வைட் பிள்ளைகளிடம் சாவை மறைக்கவில்லை, அதே சமயம் முட்டைப் பையைப் பன்றிக்குட்டி பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோக விடுகிறார். என் மதிப்பெண் சிலந்திக்குத்தான்.

ஆனால் நடுவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. புகழுக்காகவோ புத்திமதிக்காகவோ தரும் பரிசு அல்ல இது என்று நியூபெரி விதியிலேயே எழுதியிருக்கிறது. பிரிட்டனின் கார்னகி பதக்கக்காரர்கள் 1943, 1945, 1966 ஆண்டுகளில் தகுதியான நூல் இல்லை என்று யாருக்குமே கொடுக்கவில்லை. அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் பக்கம் சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் தருகிறது. தமிழில் முதலில் வாங்கியது மா. கமலவேலனின் 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி'. 2020-இல் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. பெண் குழந்தையிடம் தப்பாக நடப்பவர்களைப் பற்றி, குழந்தைக்கே புரிகிற மாதிரிப் பேசும் நாவல். நான் வேலையில் இருந்தபோது இப்படி ஒரு புத்தகம் பீரோவில் இருந்திருந்தால் எத்தனையோ பிள்ளைகள் வாய் திறந்திருப்பார்கள்.

இப்போது என் குற்றம். தொண்ணூறுகளில் வகுப்பு நூலக பீரோ சாவி என்னிடம் இருந்தது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் அட்டை கிழிந்த பேய்க் கதை ஒன்றை நாலாவது முறையாகக் கேட்டான். அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, பரிசு பெற்றது என்று அட்டையில் போட்டிருந்த நாவலைக் கையில் திணித்தேன். நான் அதைப் படித்திருக்கவில்லை. மறுநாள், "கதையின் நீதி என்ன?" என்று வகுப்பு முன்னால் நிற்க வைத்துக் கேட்டேன். அவன் பேசாமல் நின்றான். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க பீரோ பக்கம் வரவே இல்லை. பிற்பாடு நான் அந்த நாவலைப் படித்துப் பார்த்தேன். பத்துப் பக்கத்துக்கு ஒரு புத்திமதி. எனக்கே தூக்கம் வந்தது.

மாணவிக்கு நேற்றுத்தான் பதில் சொன்னேன். பரிசு நூல் நாலைந்து போதும், ஒவ்வொன்றையும் நீ முழுக்கப் படித்த பிறகு வாங்கு, மீதிப் பணத்துக்குப் பிள்ளைகளையே கடைக்குக் கூட்டிக்கொண்டு போ என்றேன். "பேய்க் கதை எடுத்தா, டீச்சர்?" என்றாள். எடுக்கட்டும் என்றேன்.

அந்தப் பையன் இந்தப் பக்கத்தில் இருக்கிறான், தெரியும். தம்பி, அந்தப் பேய்க் கதையின் பெயர் எனக்கு மறந்துவிட்டது. உனக்கு ஞாபகம் இருந்தால் கீழே எழுதப்பா. பட்டியலில் சேர்க்க வேண்டும்.